ஷாம்பு பாட்டிலும் ஏழு வண்ண மண்ணும்: மொரீசியஸ் குறிப்புகள்

திங்கள், காத்ர் போர்ன்

மொரீசியஸ் வந்து சேர்ந்தாயிற்று. விமானப் பயணம் பற்றி எழுதப் பெரிதாக ஒன்றுமில்லை. நடுவில் மாறிய விமான நிலையத்தில் என்னைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்தே தீருவேன் என்று ஒருவர் நின்றார். நான் நடந்தே தீருவேன் என்று நின்றேன். கண் தெரியாதவர்களுக்குக் காலும் வராது என்று எந்தப் பாடப்புத்தகத்தில் போட்டிருக்கிறார்களோ. வெண்கோலை விரித்துக்கொண்டு நடந்துதான் போனேன். கூட வந்திருப்பது அண்ணி.

புதிதாகப் படிக்க வருபவர்களுக்காக: நான் அரசுப் பள்ளியில் வரலாறு நடத்துகிறேன். ஏழு வயது வரை பார்வை இருந்தது, அதனால் நிறங்கள் நினைவில் இருக்கின்றன. கோடை விடுமுறையில் இந்த ஊருக்கு வந்த காரணம், திரைவாசிப்பான் (போன் திரையில் உள்ளதைக் குரலில் படித்துச் சொல்லும் மென்பொருள்) பயன்படுத்துவோர் வாட்ஸ்அப் குழுவில் பழக்கமான ஒரு தமிழாசிரியத் தம்பி. அவருடைய அம்மாவுக்குச் சர்க்கரையால் பார்வை போய்க்கொண்டிருக்கிறது. "தாங்கள் ஒருமுறை வந்து அம்மாவுக்குக் கைப்பேசியைப் பழக்கித் தாருங்கள் அக்கா, எங்கள் தீவையும் கண்டது போலிருக்கும்" என்றார். இங்கே வீட்டிலும் கடையிலும் கிரியோல்தான், பிரெஞ்சிலிருந்து பிறந்த உள்ளூர் மொழி. தமிழைப் பள்ளியில் படித்து எடுத்தவர் என்பதால், சாப்பிடக் கூப்பிடும்போதும் "உணவருந்த வாருங்கள்" என்கிறார். கேட்க எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

அவர் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு விருந்தினர் இல்லத்தில் அறை. உள்ளே வந்ததும் அண்ணி படுத்துத் தூங்கிவிட்டார். நான் குளிக்கப் போனேன். கண்ணாடிக்குக் கீழே மூன்று பாட்டில்கள். ஒரே உயரம், ஒரே வழவழப்பு, ஒரே மூடி. மோந்து பார்த்தால் மூன்றிலும் ஒரே வாசனை. போனை எடுத்துப் படம் பிடித்து, "எது எங்கே இருக்கிறது, இடமிருந்து வலம் சொல்" என்றேன். "இடது: உடலில் பூசும் லோஷன். நடு: ஷாம்பு. வலது: குளியல் ஜெல். எழுத்துகள் பிரெஞ்சில் உள்ளன" என்று தமிழிலேயே வந்தது. ஷாம்பு பாட்டிலுக்கு ஒரு ரப்பர் பேண்ட், ஜெல்லுக்கு இரண்டு. லோஷனைத் தூக்கி அலமாரிக்குள் வைத்துவிட்டேன். தலைமுடியில் லோஷன் தேய்த்துக்கொண்ட அனுபவம் உள்ளவர்களுக்குத்தான் இந்த வெற்றியின் அருமை தெரியும்.

அப்புறம் தண்ணீர் கொதிக்கவைக்கும் கெட்டிலின் பொத்தான், ஏசி ரிமோட், சின்னச் சின்னப் பொட்டலங்களில் எது சர்க்கரை, எது காபித்தூள், போட்டிருக்கும் சுடிதாரில் விமானச் சாப்பாடு சிந்தியிருக்கிறதா. இத்தனையையும் அண்ணியிடம் கேட்டிருக்கலாம். எழுந்திருந்தால் முகம் சுளிக்காமல் சொல்லியிருப்பார். ஆனாலும் பத்தாவது கேள்வியில் எவ்வளவு நல்லவர் குரலும் ஒரு இழை மாறும். அந்த இழை நம் காதில் விழாமல் இருக்காது. அதனால் ஒன்பதாவதோடு நாமே நிறுத்திக்கொள்வோம். இப்போது நிறுத்த வேண்டியதில்லை. படத்தை விவரிக்கும் ஏஐயால் என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான். மலையும் கடலும் அப்புறம்.

செவ்வாய், தம்பி வீடு

தம்பியின் அம்மாவைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடுகிறேன். எழுபதைத் தாண்டிய வயது. என்னை "மோ திஃபி" என்று கூப்பிடுகிறார், கிரியோலில் 'என் மகளே'. தமிழும் பேசுகிறார், நடுநடுவே பிரெஞ்சு வந்து உட்கார்ந்துகொள்ளும். பாடம் தொடங்குமுன் கத்தோ பிமா ஒரு தட்டு வந்தது. நம் பருப்பு வடையின் தம்பி. இரண்டு தின்றபின்தான் போனைத் தொட விட்டார்.

கிரியோல் பேசும் குரல் அவருடைய போனில் கிடைக்கவில்லை. பிரெஞ்சுக் குரலை வைத்தோம், எழுத்துத் தெரியாவிட்டாலும் காது பழகியது அதற்குத்தான். ஒரு விரலால் தடவினால் அடுத்தது, இரண்டு முறை தட்டினால் திறக்கும். காலை முழுவதும் இது ஒன்றுதான் நடந்தது. கண் தெரிந்த காலத்தில் கற்ற பழக்கத்தை விரல் மறக்கவேண்டுமே, அதுதான் கஷ்டம்.

மதியம் படமெடுக்கக் கற்றுக்கொடுத்தேன். பொருளை மேசையில் வைத்து, போனை அதன் மேல் ஒட்டி, பின் ஒரு சாண் மேலே தூக்கு; இரண்டு முழங்கையும் மேசையிலேயே இருக்கட்டும். பாலும் மோரும், உப்பும் சீனியும் எல்லாம் சரியாக வந்தன. பெரியம்மா குஷியாகி மாத்திரைப் பெட்டியை எடுத்துவந்தார். சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் மாத்திரை அட்டை, அதன் பெட்டி தொலைந்துபோனது. படமெடுத்தால் "500 மி.கி." என்றது. அட்டையைத் திருப்பி, ஜன்னல் வெளிச்சம் படாத பக்கமாக வைத்து மறுபடி எடுக்கச் சொன்னேன். "850 மி.கி."

"ரெண்டு தரம் கேட்டா ரெண்டு சொல்லுதே" என்றார்.

மினுக்கும் அலுமினியத் தாளில் எழுத்துப் பாதி மறைந்திருக்கும். தெரியாத இடத்தை இந்த மென்பொருள் பல நேரம் காலியாக விடாது. பொதுவாக அங்கே என்ன இருக்குமோ அதைப் போட்டு நிரப்பிவிடும். மெட்ஃபார்மின் என்றால் 500 எங்கும் புழங்கும் அளவு, அதனால் 500. அப்போது குரலில் தயக்கமும் இருக்காது, அதுதான் ஆபத்து. மனிதர் என்றால் "ஐந்நூறா, எண்ணூறா, சரியாத் தெரியலையே" என்று இழுப்பார், நாமும் உஷாராவோம்.

எனவே பி மை ஐஸ் செயலியில் ஆளைக் கூப்பிட்டோம். டென்மார்க்கில் ஹான்ஸ் யோர்கன் வீபெர்க் என்பவர் தொடங்கியது. அவருக்கும் பார்வை குறைவு. 2015-ல் வெளியானபோது அதில் ஏஐ எதுவும் கிடையாது. உலகெங்கும் கண் தெரிந்த தன்னார்வலர்கள் வீடியோ அழைப்பில் வந்து பார்த்துச் சொல்வார்கள், அவ்வளவுதான். 2023-ல்தான் ஜிபிடி-4 என்ற ஏஐ வந்து சேர்ந்து, படத்தைக் கொடுத்தால் இயந்திரமே விவரிக்கும் வசதி வந்தது. பழைய மனித வழியை மூடிவிடாமல் வைத்திருக்கிறார்களே, அதற்கு ஒரு கும்பிடு. சீக்கிரமே ஒரு பெண் பிரெஞ்சில் வந்தார். அட்டையைக் கொஞ்சம் வலப்பக்கம், கொஞ்சம் மேலே என்று நகர்த்தச் சொல்லி, 850, காலாவதி மாதம் இது என்று படித்தார். எந்த நாட்டிலிருந்து பேசினாரோ தெரியாது. பெரியம்மா அவரிடம் மொரீசியஸ் வானிலையெல்லாம் சொல்லிவிட்டுத்தான் வைத்தார்.

மாத்திரைக்கு எங்கள் வீட்டுச் சட்டம் இப்போது இந்த வீட்டுக்கும்: படம் இரண்டு கோணத்தில், அப்புறம் ஒரு மனிதக் கண். இரண்டும் ஒத்துப்போனால்தான் வாயில் போடுவது.

புதன்

மழை. சாப்பாடு. தூக்கம். காலையில் கரும்புத் தோட்டப் பக்கம் போகலாம் என்ற அண்ணி, மழையைப் பார்த்ததும் போர்வையை இழுத்துக்கொண்டார்.

வியாழன், போர்ட் லூயிஸ்

மெட்ரோவில் தலைநகர் போனோம். பெயர் மெட்ரோ, ஓடுவது டிராம் மாதிரி. பயணிகளோடு ஓடத் தொடங்கி அதிக வருடம் ஆகவில்லை என்பதால் எல்லாருக்கும் அதில் இன்னும் பெருமை. பக்கத்தில் இருந்தவர் ஒவ்வொரு நிலையத்தையும் எனக்கு அறிமுகப்படுத்திவைத்தார்.

முதலில் பணம். நம் ஊரில் ரிசர்வ் வங்கியின் மணி செயலி 2020 முதல் இருக்கிறது, இணையம் இல்லாமலே நோட்டைச் சொல்லும். இந்த ஊர் நோட்டு அதற்குத் தெரியாது. அதனால் நேற்று ராத்திரி அறையிலேயே ஒவ்வொரு நோட்டாகப் படம் எடுத்து, மதிப்பைக் கேட்டு, மடித்துவைத்துக்கொண்டேன்: நூறு நீளவாக்கில், இருநூறு குறுக்கே, ஐந்நூறு நான்காக. சந்தை நெரிசலில் நின்று காசைப் போனுக்குக் காட்டிக்கொண்டிருந்தால் போனும் போய்விடும், காசும் போய்விடும்.

நூறு ரூபாய் நோட்டைக் காட்டியபோது "மதிப்பு மூன்று மொழிகளில் அச்சிடப்பட்டுள்ளது: ஆங்கிலம், அதன் கீழ் தமிழ், அதன் கீழ் இந்தி. ஓர் ஆணின் உருவப்படம் உள்ளது" என்றது. அது ரெங்கநாதன் சீனிவாசன் என்று தம்பி சொன்னார். தொழிலாளர் கட்சிக்காரர், வழக்கறிஞர், தமிழர். அந்த வரிசைக்கும் ஒரு கதை இருக்கிறது. 1998-ல் வந்த புது நோட்டுகளில் தமிழை இந்திக்குக் கீழே இறக்கிவிட்டார்கள். இங்குள்ள தமிழர்கள் கொதித்தெழ, அந்த நோட்டுகளைத் திரும்ப வாங்கிக்கொண்டு தமிழை மேலே வைத்து வேறு அச்சடித்தார்கள். தம்பி இதைச் சொல்லும்போது மட்டும் இலக்கணத் தமிழ் கழன்று கிரியோல் வந்துவிட்டது.

பிறகு ஆப்பிரவாசி காட், ஒப்பந்தக் கூலிகள் கரையிறங்கிய துறை. 1834-ல் அட்லஸ் கப்பலில் முதல் 36 ஒப்பந்தக் கூலிகள் கல்கத்தாவிலிருந்து இந்தத் தீவுக்கு வந்தார்கள்; அதன் பின் 1920 வரை ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர். கரையிறங்கியவர்கள் ஏறிய கல் படிகள் பதினாறு இன்னும் இருக்கின்றன. 2006-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. வகுப்பில் இதை நான் நடத்தியதுண்டு. நேரில் வந்தால், கற்சுவரைத் தடவும்போது போனை எடுக்கவே தோன்றவில்லை. கல் சொரசொரப்பு, விளிம்பில் உப்புக் காற்றின் பிசுக்கு. இதைவிட மேலாக எந்த விவரணை என்ன சொல்லிவிடும்? (ஒப்பந்தக் கூலிகளுக்கு முன்னாலேயே, பிரெஞ்சுக்காரர் காலத்தில், புதுச்சேரிப் பக்கத்துக் கொத்தனார்களும் தச்சர்களும் வந்து இந்தத் துறைமுக நகரத்தைக் கட்டியிருக்கிறார்கள். கைதேர்ந்தவர்கள். வேலையும் பார்த்தார்கள், கோயிலும் கட்டிக்கொண்டார்கள்.)

திரும்பும்போது டாக்ஸிக்காரர், "இப்ப ஏஐ கண்ணாடி வந்திருக்காமே, அதைப் போட்டுக்கிட்டா கோல் வேண்டாமே" என்றார் தம்பி மூலமாக. வேண்டும் ஐயா. படத்தை எடுத்து, அனுப்பி, பதில் வந்து, அதை நான் கேட்டு முடிப்பதற்குள் உங்கள் டாக்ஸி என்னைத் தாண்டிப் போயிருக்கும், அல்லது என் மேல் போயிருக்கும். சாலை கடக்க நம்பாதே என்று செயலிக்காரர்களே எச்சரிக்கிறார்கள்.

வெள்ளி, முருகன் கோயில்

காத்ர் போர்னுக்குப் பக்கத்தில் கோர் த கார்ட் மலை. சரிவில் முருகன் கோயில். தைப்பூசக் காவடி இந்த நாட்டில் அரசு விடுமுறை. அன்றைக்கு இந்தப் படிகளில் கால் வைக்க இடம் இருக்காதாம். இன்று சாதாரண வெள்ளிக்கிழமை, காற்று நன்றாக வீசியது. பெரியம்மா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு ஏறினார், நான் கோலைப் பிடித்துக்கொண்டு. முன்னால் போகும் அண்ணி எங்கள் இருவருக்கும் கண்.

அண்ணியின் விவரிப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். "எப்படி இருக்கு அண்ணி?" "சூப்பரா இருக்கு." "எதிர்ல என்ன இருக்கு?" "மலைதான். சூப்பரா இருக்கு." ஊர் உலகத்தில் எத்தனை இடம் போனாலும் இதே ஒரு சொல்தான். நேரெதிராக, போனிடம் கேட்டால் மூன்று பத்தி: 'மனதைக் கவரும்', 'அமைதி தவழும்'. அதற்கு இப்போது முன்கூட்டியே கட்டளை எழுதிவைத்திருக்கிறேன்: அழகு என்று சொல்லாதே, எது எந்தப் பக்கம், எவ்வளவு தூரம், யார் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்று மட்டும் சொல், தெரியாவிட்டால் தெரியவில்லை என்று சொல். அப்படிக் கேட்டபோது, "படிகள் மேலே போய் இடப்பக்கம் திரும்புகின்றன. வலப்பக்கம் கைப்பிடி. திருப்பத்தில் ஒரு சிறுவன் உட்கார்ந்து செருப்பு வாரைச் சரிசெய்கிறான்" என்று வந்தது. செருப்பு வார்! எனக்கு வேண்டியது இதுதான். அந்தப் பையனிடம் போய் "வார் அறுந்துபோச்சா?" என்று கேட்டேன். அவனுக்குத் தமிழ் புரியவில்லை. கோலைப் பார்த்துவிட்டு, கேள்வியைப் பெரியம்மா கிரியோலில் சொன்னதும், எனக்கு எப்படித் தெரிந்தது என்று விழித்தானாம்.

அறிவிப்புப் பலகைகளைப் படித்ததில் ஒரு கூத்து. இங்கே முருகனைப் பிரெஞ்சு எழுத்துக்கூட்டில் எழுதுகிறார்கள். போனின் ஆங்கிலக் குரல் அதை 'மவ்ரவ்கென்' என்று வாசித்தது. பெரியம்மாவின் பிரெஞ்சுக் குரல் கொஞ்சம் தேவலை. முருகன் எந்தக் குரலுக்கும் வருவான் என்று விட்டுவிட்டோம்.

சன்னிதியில் படம் எடுக்கக் கூடாது. போன் பைக்குள் போனது. அண்ணியிடம் கேட்டால் என்ன வரும் என்று தெரியும். வந்தது: "முருகர் சூப்பரா இருக்கார்." பெரியம்மா என் காதருகில் குனிந்து சொன்னார்: வேல் வலத்தோளில் சாய்ந்திருக்கும், வெள்ளி, நெற்றியில் விபூதி மூன்று பட்டை, வள்ளி முகம் கொஞ்சம் சின்னது, தெய்வானை பக்கம் எப்பவும் மல்லி கூட வைப்பார்கள். அவருக்கே இப்போது அது புகைமூட்டம்தான். அத்தனையும் சின்ன வயதிலிருந்து பார்த்த பார்வை. இன்றைக்கு மல்லி இருந்ததா என்று நான் சரிபார்க்கவில்லை.

சனி, ஷமரேல், ராத்திரி வீட்டில்

ஏழு வண்ண மண். எரிமலைப் பாறையான பசால்ட் சிதைந்து களிமண்ணாகி, அதிலுள்ள இரும்பும் அலுமினியமும் ஆளுக்கொரு நிறம் கொடுக்கின்றன. வேலி போட்டிருக்கிறார்கள், தொட முடியாது. ஆக இது முழுக்கக் கண்ணுக்கான இடம், எனக்குச் சுத்தமாக ஒன்றுமில்லாத இடம் என்று நினைத்துத்தான் போனேன். வேலி ஓரம் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு படம். நிறம், எது எதன் மேல், எந்தக் கோடு எங்கே முடிகிறது என்று கேட்டேன். செங்கல் சிவப்பு மேட்டின் சரிவில் கத்தரிப்பூ நிறம் இறங்கி, அடியில் மஞ்சளும் பழுப்பும் கலக்கிறது என்றது. கத்தரிப்பூ நிறம் எனக்குத் தெரியும், எங்கள் கொல்லையில் இருந்தது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். அரை மணி நேரத்துக்குப் பிறகு சலித்துவிட்டது, அதையும் சொல்லிவிடுகிறேன். நிறத்தைக் காதால் கேட்பதற்கு ஓர் எல்லை உண்டு. பக்கத்தில் அடைத்துவைத்திருந்த ராட்சத ஆமைகள் இலை மெல்லும் சத்தம் எனக்கு அதைவிடப் பிடித்திருந்தது.

இன்றைய நாளின் முக்கியமான விஷயம் ராத்திரிதான் நடந்தது. தம்பி வீட்டு முன்னறைச் சுவரில் ஒரு பிரதி மாட்டியிருக்கிறது. பெரியம்மாவின் கொள்ளுத்தாத்தா. மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் ஒப்பந்தக் குடியேறிகளின் பதிவேடுகள் இருக்கின்றன. வழி கண்டுபிடித்தவர்கள் தங்கள் முன்னோரின் பதிவைப் பிரதி எடுத்து வைத்திருக்கிறார்கள். இவர்களுடையதில் புகைப்படமும் உண்டு. இரண்டு வருடமாகப் பெரியம்மாவுக்கு அது வெறும் சட்டகம். கழற்றி மேசையில் வைத்து, அவரே படம் எடுத்தார். முழங்கை இரண்டும் மேசையில்.

"மெலிந்த ஆண். நாற்பது வயதுக்கு மேல் இருக்கலாம். தலையில் துணி சுற்றியிருக்கிறார். நேராகப் பார்க்கிறார், சிரிக்கவில்லை. கன்ன எலும்புகள் துருத்தியிருக்கின்றன." தம்பி கிரியோலில் சொல்லச் சொல்ல, பெரியம்மா ம், ம் என்றார். ஆரம்ப காலத்தில் ஒரு கட்டத்தில் பி மை ஐஸின் ஏஐ மனித முகம் என்றாலே பேச மறுத்தது; அந்தரங்கம் என்று காரணம் சொன்னார்கள். பார்வையற்றவர்கள் சத்தம் போட்ட பின்தான் தளர்த்தினார்கள். இல்லையென்றால் இந்த ராத்திரி நடந்திருக்காது.

பிறகு பெரியம்மா கேட்டார்: "காதில் கடுக்கன் இருக்கா, கேளு." அவருடைய அம்மா சொல்லியிருக்கிறாராம், தாத்தா கடுக்கனை விற்கவே இல்லை என்று. தம்பி அப்படியே கேட்டார். "ஆம், காதில் ஒரு சிறிய கடுக்கன் தெரிகிறது."

பெரியம்மா கையைத் தட்டினார். எனக்கு மட்டும் உறுத்தியது. 'இருக்கிறதா' என்று கேட்டால் 'இருக்கிறது' என்று தலையாட்டும் குணம் இதற்கு உண்டு, கேட்பவர் ஆசைப்படுகிறார் என்று மோப்பம் பிடித்ததுபோல. புதிதாக ஆரம்பித்து, கடுக்கன் பேச்சையே எடுக்காமல், "காதுகளை மட்டும் விவரி" என்று கேட்கவைத்தேன். "வலது காது துணியால் பாதி மறைந்துள்ளது. இடது காது மடலில் ஒரு வெளிர் புள்ளி. அச்சுக் குறையாகவும் இருக்கலாம். உறுதியாகச் சொல்ல முடியவில்லை."

அண்ணியைக் கூப்பிட்டோம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விளக்குக்கு அடியில் பிடித்து, ரொம்ப நேரம் பார்த்தார். இந்தத் தடவை 'சூப்பர்' இல்லை. "இருக்கற மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு" என்றார். இயந்திரமும் அண்ணியும் ஒரே முடிவுக்கு வந்த முதல் தருணம்.

"இருக்கு" என்று பெரியம்மா தீர்ப்புச் சொல்லி, சட்டகத்தைச் சுவரில் மாட்டச் சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை.

ஞாயிறு, கிளம்புகிற நாள்

மதியம் வாழையிலையில் ஏழு கறிச் சாப்பாடு. காவடி முடிந்து செய்வதை எங்களுக்காக இன்று செய்தார்கள். ரசத்தை இங்கே 'ராசோ' என்கிறார்கள், காரம் நம்முடையதைவிடத் தூக்கல். இலையைப் படம் எடுத்து எது எந்த மூலை என்று கேட்டுக்கொண்டேன். பலாக்காயை வாழைக்காய் என்றது, மற்றதெல்லாம் சரி.

பெரியம்மாவிடம் கடைசியாகச் சொன்னது ஒன்றுதான்: வங்கிக் கடிதம், அடையாள அட்டை இதையெல்லாம் இந்த மாதிரி படமெடுத்து அனுப்ப வேண்டாம். படம் எங்கோ ஒரு சர்வருக்குப் போய்த்தான் பதில் வருகிறது. அதற்கு இணையம் இல்லாமல் போனுக்குள்ளேயே எழுத்து வாசிக்கும் செயலி ஒன்றைத் தனியாகப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். சரி சரி என்றார்.

விமான நிலையத்தில் உட்கார்ந்து இதை எழுதும்போது தம்பியிடமிருந்து குரல் செய்தி. அம்மா கொல்லைச் சுவர் வழியாகப் போனை நீட்டி, பக்கத்து வீட்டுக் கொடியில் காய்வதைப் படமெடுத்து, அவர்கள் புதிதாக வாங்கிய திரைச்சீலை என்ன நிறம், பூப்போட்டதா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறாராம். "தாங்களே அம்மாவுக்கு எடுத்துச் சொல்லுங்கள் அக்கா, என் பேச்சைக் கேட்க மாட்டேன் என்கிறார்." பின்னணியில் பெரியம்மா குரல்: பழுப்பாம், பூ கிடையாதாம், இதுக்கா அத்தனை பீற்றல்.